ழகரம் தெளிகிறதா?

இலங்கையின் மன்னார்ப் பகுதியில் உள்ள திருக்கேதீஸ்வரத்துக்குத் தேவாரத்தில் இரண்டு பதிகங்கள் உண்டு. திருஞானசம்பந்தர் பாடியது நட்டராகப் பண்ணில். சுந்தரர் பாடியது நட்டபாடையில். இன்றைய ஓதுவார்கள் முன்னதைப் பந்துவராளியிலும் பின்னதைக் கம்பீரநாட்டையிலும் பாடுவது வழக்கம். இருவரும் கடல் தாண்டி வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றபடியே அந்தக் கோயிலின் பாலாவிக் கரையைப் பாடினார்கள் என்பது சைவ மரபு. தொலைவில் இருந்து பாடப்பட்ட அந்தப் பதிகங்களை இன்று கோயில் உள்ள மாந்தையில் இருப்பவரும் கேட்கிறார், டொராண்டோவில் பனிக்குள் இருப்பவரும் கேட்கிறார். அநேகமாக இருவர் காதிலும் ஏதோ ஒரு ஹெட்போன். அவர்களில் ஒருவர் இனி நல்லதாக ஒன்று வாங்கிவிடுவோம், சில நூறு டாலர் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுவார், இணையத்தில் மதிப்புரைகள் குவிந்திருக்கும். இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தான் கேட்கும் இசை எப்படிப் பதிவானது, அதை எந்த அறையில் உட்கார்ந்து கேட்கிறோம், எந்தக் கருவியில் செருகுகிறோம் என்பவற்றைத்தான் அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மவர்களுக்கு இந்த வரிசை கூடுதலாக முக்கியம். உலகச் சந்தையின் அளவுகோல்கள் நம் இசையை வைத்து உருவானவை அல்ல.

ஹெட்போன் மதிப்புரைகாரர்கள் கேட்டுப் பார்க்கும் பாட்டுகளைக் கவனியுங்கள். ஜாஸ், ராக், மேற்கத்திய சிம்பொனி. பெரும்பாலும் நல்ல ஸ்டுடியோவில், இரண்டு சானலில், மனிதக் காது எட்டக்கூடிய 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுதாகப் பிடிக்கப்பட்டவை. நம்முடைய அலமாரியில் இருப்பது வேறு. நாதஸ்வரம் என்றதும் நினைவுக்கு வரும் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததே அதற்குப் பிறகு. ஆகவே அவர் வாசித்த தோடி எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்போனிலும் இடம், வலம் என்று விரியப் போவதில்லை. மண்டையின் நடுவில் ஒரு புள்ளியாகத்தான் நிற்கும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும் பலருக்குக் கிடைப்பது ஒலிநாடாவில் இருந்து ஒலிநாடாவுக்கு ஏறி இறங்கிய பிரதியாகத்தான். இதோடு வானொலியையும் சேர்க்க வேண்டும். 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன நிலையத்தின் நிகழ்ச்சிகளை, பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ரேடியோவுக்கு முன்னால் காத்திருந்து பதிந்துவைத்த வீடுகள் எத்தனையோ. மத்திய அலையில் நம் பகுதி நிலையங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். அதனால் சாதாரண ரேடியோப் பெட்டியில் நாலரை, ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் மிஞ்சாது. அதற்கு மேலே இருப்பது நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும்.

இந்தப் பதிவுகளுக்கு முன்னால் '40 கிலோஹெர்ட்ஸ் வரை' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்குப் பொருளே இல்லை. அதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. 'விவரம் கொட்டுகிறது' என்று மதிப்புரையில் புகழப்படும் ஹெட்போன்கள் பல, 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையான உச்ச ஒலியைச் சற்று மிகைப்படுத்துபவை. புதிய ஸ்டுடியோப் பதிவில் அது பளிச்சென்று இருக்கும். பழைய நாடாவிலோ இரைச்சலைத்தான் தூக்கிக் காட்டும், பாட்டு அதற்குப் பின்னால் போய்விடும். காசு கொடுத்து இரைச்சல் வாங்கின கதைதான். பழைய பதிவுகளே முக்கால்வாசி என்றால் உச்ச ஒலியில் அடக்கமும் நடு ஒலியில் நேர்மையும் உள்ள ஹெட்போனே பொருந்தும். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600, பிறகு 2003இல் வந்த எச்டி 650 ஆகியவை இத்தனை ஆண்டுகள் கழித்தும் பேசப்படுவதற்கு ஒரு காரணம் அந்த நடு ஒலிதான். அடி ஒலியில் அவை ஆளை அசைப்பவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடு ஒலியின் நேர்மையை எப்படிச் சோதிப்பது? நமக்கென்றே ஓர் உரைகல் இருக்கிறது. தமிழின் லகர, ளகர, ழகர வேறுபாடு. நாக்கை வளைத்து ஒலிக்கும்போது வாய்க்குள் உருவாகும் அதிர்வுகளில் மூன்றாவது கீழிறங்குகிறது என்று ஒலியியலார் சொல்வார்கள். அது நிகழ்வது சுமார் ஒன்றரை முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியில். மனிதக் காதின் குழாய் தானாகவே ஒலியைப் பெருக்கிக்கொடுப்பதும் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான். காதை மூடியோ காதுக்குள் நுழைத்தோ ஒலியைத் தரும் கருவி இந்தப் பகுதியைத் திட்டமிட்டு ஈடுகட்ட வேண்டும். பல ஹெட்போன்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: ஒன்று இந்த இடத்தில் பள்ளம் விழுந்து குரல் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் ஆகும், அல்லது மேடு கட்டிக் குரல் கத்தலாகும். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குரல், பின்னால் கொஞ்சம் பக்கவாத்தியம், அவ்வளவுதான். ழகரமும் ளகரமும் சிரமப்படாமல் பிரிந்து கேட்டால் நடு ஒலி நேராக இருக்கிறது. சொல்லை நினைவில் இருந்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தால் இல்லை. இதே பதிவில் சகரமும் ஸகரமும் ஊசியாய்க் குத்தினால் உச்ச ஒலியில் மேடு இருக்கிறது என்று அர்த்தம். பேயர்டைனமிக் டிடி 990ஐ ரசிக்கிறவர்கள் ஏராளம். ஆனால் அதன் உச்ச ஒலி கூர்மையானது என்பது ஊரறிந்தது. ஓதுவாரின் தாளம் ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கிள்ளும்.

பாட்டு தெளிந்தால் போதுமா, வாத்தியம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்; ஆனால் குரலில் தவறும் ஹெட்போன் வாத்தியத்தில் தேறுவது அரிது. கடினமான பரீட்சை, நாதஸ்வரமும் தவிலும் சேரும் மேளச் சமாதான். நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியம். கோயில் வீதியில் இருபது முப்பது அடி தள்ளி நின்று கேட்கும்போது அதன் கூர்மையைக் காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவிலோ மைக் பெரும்பாலும் அதன் விரிந்த வாயான அணைசுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே அளவெட்டி என்.கே. பத்மநாதன் வாசித்த பதிவை எவ்வளவு 'உண்மையாக' ஒரு ஹெட்போன் தருகிறதோ, அவ்வளவுக்கு அது வீதியில் நாம் கேட்ட நாதஸ்வரத்தில் இருந்து விலகி நிற்கும். பதிவுக்கு உண்மையாக இருப்பதும் நினைவுக்கு உண்மையாக இருப்பதும் வெவ்வேறு. இதில் எதைத் தேடுகிறோம் என்பது ரசனை சார்ந்த முடிவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவிலுக்கு இருமுகம், வலந்தலையும் தொப்பியும். கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும் அடி படீரென்று எழுந்து உடனே அடங்க வேண்டும். கழி தொப்பியில் விழும் அடி ஆழத்தில் இருந்து வர வேண்டும். அடி ஒலியை வெறுமனே ஊதிப் பெருக்கும் ஹெட்போனில் தொப்பியின் அதிர்வு அடுத்த அடி வரும்வரை தங்கிவிடும். வேகமான கோர்வையில் எண்ணிக்கை குழம்பும். இளையராஜாவின் பேஸ் கித்தாரையும் 1992இன் 'ரோஜா'வுக்குப் பிறகான ரகுமானையும் அதிகம் கேட்பவருக்கு 40, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் அடி ஒலி அவசியம் தேவை. தேவாரமும் மேளமும் கேட்பவருக்கு அந்த ஆழத்தைவிட அடக்கமே பெரிது.

இங்கே வழக்கமான மறுப்பு எழும்: அதிக விலை கொடுத்தால் இதெல்லாம் தானாகவே சரியாக இருக்காதா? இருக்காது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரை, அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காண முடியவில்லை என்றது. எந்த ஒலி எவ்வளவு தூக்கலாகக் கேட்க வேண்டும் என்ற அந்தச் சமநிலையே காதுக்கு முதலில் படுவது. அப்படியானால் பணம் எங்கே போகிறது? ஓரளவு நியாயமாகவே போகிறது. ஒலியை எழுப்பும் இரு பக்கத் திரைகளும் ஒன்றுபோல் இருப்பது, உரத்த ஒலியிலும் சிதையாமல் இருப்பது, தலைப்பட்டை பத்து வருடம் தாங்குவது, பஞ்சு தேய்ந்தால் மாற்றுப் பஞ்சு கிடைப்பது எல்லாம் விலைக்குள் அடக்கம். மீதி பெயருக்கும் பெட்டிக்கும். 1991இல் சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்று முந்நூறு மட்டும் செய்து விற்றது. 2015இல் வந்த அதன் வாரிசு பளிங்குப் பீடத்தில் ஆம்ப்ளிஃபையரோடு வந்தது, விலை சுமார் 50,000 யூரோ. அதிலும் ராஜரத்தினம் பிள்ளை மண்டையின் நடுவில்தான் நிற்பார்.

இதற்கு நேர் எதிரான மறுப்பும் உண்டு. எல்லாம் ரசனைதானே, அவரவர் காதுக்குப் பிடித்ததை வாங்கட்டும், இதில் ஆராய என்ன இருக்கிறது? கேட்க ஜனநாயகமாக இருக்கிறது, ஆனால் சோதனைகள் வேறு சொல்கின்றன. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் 2012 முதல் பல நாட்டு ஆட்களை உட்காரவைத்து, எந்தச் சமநிலை பிடிக்கிறது என்று பெயரையும் விலையையும் மறைத்துக் கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஒரே மாதிரியான வளைவைத் தேர்ந்தார்கள். எஞ்சியவர்களில் சிலர் அடி ஒலி இன்னும் வேண்டும் என்றார்கள், சிலர் குறைக்கச் சொன்னார்கள். ஆக, ரசனை வேறுபடுகிறது. ஆனால் ஒரு வட்டத்துக்குள், அதுவும் பெரும்பாலும் அடி ஒலியின் அளவில். உப்புப் புளி கூடக் குறைய இருக்கலாம், குழம்பு என்னவென்பதில் ஏறக்குறைய உடன்பாடு இருக்கிறது. அந்த வளைவை நெருங்கிய ஹெட்போன் ஒன்றில் தொடங்கி, தன் விருப்பத்தைச் செயலியில் உள்ள ஈக்வலைசரால் இரண்டு மூன்று டெசிபல் திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஈக்வலைசர் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள், அதே வேலையை ஆயிரம் டாலர் கேபிள் செய்யும் என்று நம்புவதுதான் வேடிக்கை.

இனி கருவிப் பொருத்தம். இங்கே ரசனைக்கு வேலை குறைவு, கணக்குக்கு வேலை அதிகம். 'முந்நூறு ஓம் என்றால் போன் தாங்காது, முப்பது ஓம் என்றால் தாங்கும்' என்பது கடைகளில் புழங்கும் சூத்திரம். பாதி உண்மை. ஓம் எண் மின்தடையைச் சொல்கிறது. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பதைச் சொல்வது உணர்திறன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு வரும். எச்டி 650க்கு 300 ஓம்; 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும். ஹைஃபைமான் எச்இ-6க்கு வெறும் 50 ஓம். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். கச்சேரியின் உச்சம் 110 டெசிபலைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் முன்னதற்கு இரண்டேகால் வோல்ட், 17 மில்லிவாட் போதும். பின்னதற்கு 450 மில்லிவாட், ஏறக்குறைய 95 மில்லிஆம்பியர் மின்னோட்டம். ஓம் குறைந்ததுதான் அதிகம் தின்கிறது. பிளேனர் எனப்படும் தட்டைத் திரை ஹெட்போன்கள் எல்லாமே இப்படி என்றும் இல்லை. ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 20 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 103 டெசிபல், சின்னக் கருவியே ஓட்டிவிடும். போனில் செருகும் ஒன்பது டாலர் ஆப்பிள் டாங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவில் விற்பது பாதிதான்). புதிய சினிமாப் பாட்டுக்கு எச்டி 650இல் அது தாராளம். பழைய பதிவுகளில்தான் சிக்கல்: நாடாவில் இருந்து எடுத்தவை பலவும் தாழ்ந்த அளவில் ஏற்றப்பட்டிருக்கும். ஆலாபனையின் மெல்லிய இடத்தில் சத்தக் குமிழை முழுதாகத் திருகியும் போதாமல் நிற்கும். நம் இசைக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் உதவுவது இந்தக் காரணத்துக்காக. ஒலிக்கு இனிமை சேர்க்கும் என்று விற்கிறார்களே, அதற்காக அல்ல.

வீட்டில் பழைய ரிசீவரோ டேப் டெக்கோ இருப்பவர்கள் அதன் ஹெட்போன் துளையையே பயன்படுத்தலாம் என்று நினைப்பது இயல்பு. பல பழைய பெட்டிகளில் அந்தத் துளைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஓம் தடை ஒன்று கோத்திருப்பார்கள். 300 ஓம் ஹெட்போனுக்கு அதனால் பெரிய கேடில்லை. அடி ஒலி ஒன்றிரண்டு டெசிபல் அளவுக்குத் தூக்கலாகும், சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். 32 ஓம் ஹெட்போனையோ காதுக்குள் நுழைக்கும் பல திரைக் கருவியையோ செருகினால் சமநிலையே மாறிவிடும். கருவியின் தடை ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பழைய, நல்ல விதி. புளூடூத் ஹெட்போன் வாங்குகிறவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. பதிலுக்கு பேட்டரி மூப்படையும்போது ஹெட்போனும் மூப்படையும்.

கடைசியாக இடம். மதிப்புரைகளில் கிட்டத்தட்ட வராத விஷயம், மன்னார்க் கரையில் இருப்பவருக்கு முதன்மையான விஷயம். முதுகுப்புறம் திறந்த ஹெட்போன்களே ஒலி விரிவுக்குப் பெயர்பெற்றவை. அவை வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் முப்பது காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் அமைந்தது சும்மா அல்ல. அங்கே காற்று அப்படி. ஜன்னலைத் திறந்தால் காற்று, மூடினால் ஃபேன். இரண்டில் எதுவானாலும் தம்புராவின் மெல்லிய ரீங்காரம் அதற்குள் கரையும். அதற்காக முதுகு மூடியதை வாங்கினால் வெக்கையில் காது வேகும். செயற்கைத் தோல் பஞ்சு வியர்வையிலும் உப்புக் காற்றிலும் உரிந்து கழுத்தெல்லாம் கருந்துகளாகக் கொட்டும். 600 கிராமைத் தாண்டும் எல்சிடி-எக்ஸ் லண்டன் குளிருக்கு இதமாக இருக்கலாம். சித்திரை வெயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் தலையில் நிற்காது. எச்டி 600 வகையின் எடை 260 கிராம் அளவு, துணிப்பஞ்சு, ஒவ்வோர் உறுப்பும் தனியாகக் கழன்று மாற்றக்கூடியது. தனி அறையும் இரவு அமைதியும் வாய்த்தவருக்கு அதுவே தகும். வாய்க்காதவருக்கு, பஞ்சுக்குப் பதில் சிறிய ரப்பர் முனையோடு காதுக்குள் பொருந்தும் கம்பி இயர்போன் நல்லதொன்றே போதும். வெக்கையும் இல்லை, வெளிச்சத்தமும் நன்றாக அடங்கும், இன்றைய சீனத் தயாரிப்புகளில் சில நியாயமான விலையில் ஹார்மன் வளைவை நெருங்கியும் விடுகின்றன. 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயிலில் கேட்டுக்கொண்டு போவதுதான் பெரும்பாலான நேரம் என்றால் இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்போனுக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. மேசை ஆம்ப்ளிஃபையர் வாங்க நினைப்பவர் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். போனில் இருந்தே மின்சாரம் எடுக்கும் டாங்கிளுக்கு அந்தக் கவலை இல்லை; சரியான நில இணைப்பு இல்லாத பிளக்கில் இருந்து வரும் 'ங்ங்' என்ற ஊளையும் இல்லை.

சத்தத்தின் அளவு குறித்து இரண்டு எண்கள் மட்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லை. வெளிச்சத்தத்தை வெல்லக் குமிழைத் திருகுகிறவர்களே இந்த எல்லையைத் தெரியாமல் தாண்டுகிறார்கள். அந்த வகையிலும் அறைக்குப் பொருந்தாத ஹெட்போன் கேடுதான். ஐம்பதைக் கடந்தவர்களில் பலருக்கு 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது ஏற்கெனவே மங்கியிருக்கும். பழைய பதிவுகளில் அங்கே ஒன்றும் இல்லை என்பதால் இழப்பும் இல்லை.

கொழும்பில் கேட்டுப் பார்த்து வாங்க வசதி உள்ள கடைக்குப் போகிறவர், கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டைக் கேட்டு வாங்கிவிடக் கூடாது. அந்தப் பாட்டு எல்லா ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும். தன் போனையும் அதில் தன் பதிவுகளையும் கொண்டு போக வேண்டும். மூன்று போதும்: ஓர் ஓதுவார் குரல், ஒரு மேளச் சமா, எப்போதும் கேட்கும் சினிமாப் பாட்டு ஒன்று. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒன்று ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலே அதுதான் நல்லது என்று காது தீர்ப்பு எழுதிவிடும். அதனால் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டே கேட்க வேண்டும். முதலில் கம்பீரநாட்டைப் பதிகம், கண்ணை மூடி, ஒவ்வொரு ழகரமாக. பிறகு மேளம். இரண்டிலும் தேறியதைத் தலையில் மாட்டியபடியே கால்மணி நேரம், முடிந்தால் கடையின் ஏசியை நிறுத்தச் சொல்லி.